கொடிப் பக்கமிருந்து பாருங்கள்: செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள பழைய மைதானத்தில், பன்னிரண்டாவது குழிக்கு முன் நின்று பார்த்தால் எதிரே எதுவுமே தெரியாது. குட்டையான புல், தூரத்தில் ஒரு கொடி, அதற்குப் பின்னால் வானம். இவ்வளவு எளிதா என்று எண்ணிக் கொடியைப் பார்த்து நேராக அடித்தேன். பந்து மட்டையில் அழகாகப் பட்டது. நேர்கோட்டில் போய்த் தரையில் விழுந்து உருண்டது. பிறகு காணாமல் போய்விட்டது. நடந்து போய்த் தேடினால், என் இடுப்பளவு ஆழத்தில் ஒரு பங்கர், அதாவது மணல் நிரம்பிய பள்ளம். அதன் முன்சுவரை ஒட்டிப் பந்து கிடந்தது. முன்னால் அடிக்க வழியே இல்லை. வந்த திசையிலேயே அடித்து வெளியே எடுத்தேன்.

கொடியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனை அடைந்தபின் திரும்பிப் பார்த்தேன். முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து ஒன்றுகூடக் கண்ணில் படாத பங்கர்கள், அங்கிருந்து பார்த்தபோது ஒவ்வொன்றாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான யோசனை அங்கேதான் எனக்குக் கிடைத்தது. கடலோரப் பழைய கோல்ஃப் மைதானத்தை டீயிலிருந்து படித்தால் புரியாது. கொடியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். கோல்ஃப் ஓரளவு ஆடத் தெரிந்து, லிங்க்ஸ் எனப்படும் இத்தகைய மைதானத்தில் இதுவரை காலடி வைக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆட்டமே தெரியாமல், பார்க்க மட்டும் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும். ஒரு சொல் விளக்கம்: பந்து விழும் துளைக்கும் குழி என்றுதான் பெயர், டீயிலிருந்து அந்தத் துளை வரை நீளும் தடம் முழுவதையும் குழி என்றே சொல்கிறோம். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

முதலில் நிலம்

லிங்க்ஸ் என்பது கடற்கரை மணலுக்கும் உழக்கூடிய வயலுக்கும் நடுவே கிடக்கும் மேடுபள்ளமான மணல்நிலம். மேடு, கரை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலைக் காற்று மேடாகக் குவித்தது. அதன்மேல் மெல்லிய புல் படர்ந்தது. உழவுக்கு உதவாத நிலம் என்பதால் ஆடு மேய்க்கவும், முயல் பிடிக்கவும், துணி உலர்த்தவும், பந்து அடிக்கவும் ஊர்மக்கள் அதைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கணக்கில் மேய்ச்சல் புறம்போக்கு என்று எழுதியிருப்பார்கள்.

அங்கே கோல்ஃப் ஆடும் உரிமையும் அப்படிப் பொதுவானதுதான். 1552ல் பேராயர் ஜான் ஹாமில்டன் வழங்கிய சாசனம், இந்த நிலத்தில் அவர் முயல் வளர்த்துக்கொள்ள ஊர் அனுமதி தந்ததற்கு ஈடாக, ஊர்மக்கள் கோல்ஃப் உட்பட எல்லா விளையாட்டுகளையும் ஆடும் உரிமையை உறுதிசெய்தது. பின்னாளில் கடனில் மூழ்கிய நகராட்சி, 1797ல் நிலத்தை முயல் வியாபாரிகளிடம் விட்டுவிட்டது. ஆடுகிறவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் இடையே பல ஆண்டுகள் வழக்கும் தகராறும் நடந்தன. 1821ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். இன்று ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கும் பொது மைதானம் இது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம் எந்தத் தனியார் கிளப்புக்கும் சொந்தமில்லை என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. முதல் டீக்குப் பின்னால் நிற்கும் சாம்பல் நிறக் கல் கட்டடம் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்கு உரியது. எதிரே விரியும் புல்வெளி ஊருடையது.

இங்கே வடிவமைப்பாளர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. மண் எப்படிக் கிடந்ததோ, ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கி எங்கே மண்ணைத் தேய்த்தனவோ, முயல்கள் எங்கே வளை தோண்டினவோ அவையெல்லாம் மெல்ல மெல்ல பங்கர்களாயின என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். மனிதக் கை பிறகு வந்தது. 1764 வரை ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆடினார்கள். நான்கு குழிகளை இரண்டாகச் சேர்த்தபோது, போகும்போதும் வரும்போதும் அதே தடம் என்பதால் மொத்தம் 18 ஆனது. இன்று உலகம் முழுவதும் 18 குழி ஆடுவது இந்த ஊரின் வழக்கத்தைப் பின்பற்றித்தான்.

முதல்முறை ஆடுகிறவர் இதிலிருந்து மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மணல்நிலம் தண்ணீரைத் தேக்காது. எனவே தரை கெட்டியாக இருக்கும், விழுந்த பந்து நிற்காமல் ஓடும். மற்றொன்று, மரமே இல்லாததால் காற்றுக்குத் தடையில்லை. பந்தை உயரத் தூக்கி அடித்து மெத்தென்ற கிரீனில் நிறுத்தும் ஆட்டம் இங்கே செல்லாது. தரையைத் துணையாகக் கொண்டுதான் ஆட வேண்டும். மைதானத்தின் அமைப்பு முழுவதும் இந்த இரண்டிலிருந்து பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மட்டை இல்லாமல், பின்பக்கமாக

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மைதானத்தில் ஆட்டம் கிடையாது. பிரிட்டனின் ஓபன் கோல்ஃப் போட்டி போன்ற சில பெரிய போட்டிகளுக்கு மட்டுமே விலக்கு. 1860களிலிருந்து 1903 வரை மைதானத்தைப் பராமரித்த ஓல்டு டாம் மாரிஸ், உங்களுக்கு ஓய்வு வேண்டாவிட்டாலும் நிலத்துக்கு வேண்டும் என்று சொன்னதாக ஊரில் வழங்குகிறது. அன்றைக்கு மைதானம் பூங்காவாக மாறிவிடும். குழந்தைகள் ஓடுவார்கள், நாய்கள் துள்ளும், வயதானவர்கள் கைகோத்து நடப்பார்கள். உங்கள் பயணத் திட்டத்தில் ஆடும் நாளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கிரீன்மேலும் பங்கருக்குள்ளும் கால் வைக்காமல் நடந்தால் போதும்.

பெரும்பாலோர் முதல் டீயிலிருந்து நடக்கத் தொடங்குவார்கள். நீங்கள் பதினெட்டாவது கிரீனிலிருந்து தொடங்கி, பதினேழு, பதினாறு என்று இறங்குவரிசையில் போங்கள். இது வெறும் வித்தியாசத்துக்காகச் சொல்வதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்த மைதானத்தைக் கடிகாரச் சுற்றில், அதாவது இன்றைய திசைக்கு எதிராகத்தான் ஆடினார்கள். முதல் டீயிலிருந்து அடித்து இன்றைய பதினேழாவது கிரீனில் முடிப்பது அன்றைய முதல் குழி. 1870 வாக்கில் ஓல்டு டாம் முதல் குழிக்குத் தனி கிரீன் அமைத்தபிறகு எதிர்த்திசை ஆட்டம் சாத்தியமாகி, சில காலம் இரு திசைகளும் மாறிமாறி நடந்து, கடைசியில் இன்றைய திசையே நிலைத்தது. பங்கர்கள் மட்டும் பழைய திசையைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டன. பின்பக்கமாக நடக்கும்போது நீங்கள் பழைய ஆட்டக்காரரின் கண்ணால் பார்க்கிறீர்கள். அதனால்தான் அவை தெளிவாகத் தெரிகின்றன.

பதினெட்டாவது கிரீனின் முன் இடப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். ‘பாவப் பள்ளத்தாக்கு’ என்பது அதன் பெயர். படத்தில் பார்த்தால் சாதாரண இறக்கம். உள்ளே இறங்கி நின்றால்தான் கிரீன் எவ்வளவு மேலே இருக்கிறது என்பது விளங்கும். 1995 ஓபன் போட்டியின் கடைசிக் குழியில் இத்தாலியின் கோஸ்டான்டினோ ரோக்கா இந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து பந்தை உருட்டியே குழிக்குள் போட்டு ஆட்டத்தைச் சமன்செய்தார். அதன்பின் நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஜான் டேலி வென்றார் என்றாலும், இங்கே நிற்கிறவர்கள் எல்லோரும் பேசுவது ரோக்காவின் அந்த அடியைப் பற்றித்தான்.

அங்கிருந்து சுவில்கன் ஓடையைக் கடக்கும் சிறிய கல் பாலத்துக்குப் போவீர்கள். ஆடு மேய்ப்பவர்கள் மந்தையை ஓட்டிச் செல்வதற்காகப் பல நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியது. படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயே பொழுதைச் செலவழித்துவிடாதீர்கள். பாடம் பதினேழில் இருக்கிறது.

பதினேழாவது கிரீனுக்குப் பெயர் ரோடு. அகலமாக, ஆழமின்றி, ஆட்டக்காரர் வரும் கோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கும். முன்னால் ஒரே ஒரு பங்கர். பின்னால் தார்ச்சாலை, அதற்குப் பின்னால் கற்சுவர். சாலையும் ஆட்டத்துக்கு உட்பட்டதே. பந்து சாலையில் நின்றால் சாலையிலிருந்தே அடிக்க வேண்டும். பங்கரின் விளிம்பருகே குனிந்து அதன் சுவரைக் கவனியுங்கள். அது மண்சுவர் அன்று. கீற்றுக் கீற்றாக வெட்டிய புல்தரையைச் செங்கல் அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றே பின்னால் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே கரிய கோடுகள் தெரியும். கீழ் அடுக்குகளில் புல் காய்ந்து பழுப்பாகி இருக்கும், மேல் அடுக்கில் மட்டும் பச்சை. வெயிலும் உப்புக்காற்றும் அதைச் சிதைத்துக்கொண்டே இருப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடித்துப் புதிதாக அடுக்குவார்கள். குளிர்காலத்தில் போனால் அந்த வேலை நடப்பதையே பார்க்கலாம்.

இப்போது சில அடிகள் தள்ளி நின்று பங்கரைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் அதை நோக்கியே சரிகிறது. பங்கர் மிகச் சிறியதுதான்; ஆனால் அது வளைத்துப் பிடிக்கும் நிலம் அதைப்போலப் பல மடங்கு. 1978 ஓபன் போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து உருட்டிய பந்து சரிவில் திரும்பி இந்தப் பங்கருக்குள் இறங்கியது. வெளியே வர நான்கு அடி. குழி முடியும்போது மொத்தக் கணக்கு 9 அடி. லிங்க்ஸ் மைதானத்தில் பங்கரின் உண்மையான அளவு அதைச் சுற்றியுள்ள சரிவுதான் என்பதை இங்கே நின்று பார்த்தால் ஒருபோதும் மறக்க மாட்டீர்கள்.

பதினாறில் தலைமையாசிரியரின் மூக்கு என்று பெயர் பெற்ற மூன்று பங்கர்கள் கூட்டமாக நடுவே நிற்கும். அதற்கும் பழைய ரயில்பாதையோரத்து வேலிக்கும் நடுவே ஓர் ஒடுக்கமான வழி உண்டு. அதில் நுழைந்தவருக்குக் கிரீன் திறந்திருக்கும். இடப்பக்கம் விலகிப் போனவருக்கு அடுத்த அடி கடினம். பதினான்கில் நரகம் என்ற பங்கர் இருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டும் சுவர் அதற்கு. ஜாக் நிக்லஸ் 1995ல் இதற்குள் நான்கு அடிகளைச் செலவழித்து அந்தக் குழியை 10ல் முடித்தார். இந்த மைதானத்தில் இரண்டு முறை ஓபன் வென்றவர் அவர்.

பன்னிரண்டை நான் முன்பே சொல்லிவிட்டேன். கிரீனில் தொடங்கி டீ வரை மெதுவாக நடந்து, பங்கர்களின் இடத்தை ஒரு குறிப்பேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாவது குழி எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நேரம் கொடுங்கள். 160 மீட்டர் அளவுள்ள, டீயிலிருந்து ஒரே அடியில் கிரீனை எட்ட வேண்டிய குழி. கிரீனுக்குப் பின்னால் ஈடன் கழிமுகம். நீர் இறங்கும் வேளையில் சேற்றுத்திட்டுகளில் பறவைகள் இரை தேடும். முன்னால் இடது பக்கம் ஹில், வலது பக்கம் ஸ்ட்ராத் என்ற இரு பங்கர்கள். கிரீன் பின்னாலிருந்து முன்னால் செங்குத்தாகச் சரிகிறது. நீளமாக அடித்துப் பின்னால் போய்விட்டால், திரும்ப உருட்டும் பந்து கீழ்நோக்கி ஓடி மறுபடியும் பங்கர் பக்கம் போகும். குறைவாக அடித்தால் பங்கரே காத்திருக்கிறது. 1921ல் பாபி ஜோன்ஸ் என்ற 19 வயது அமெரிக்க இளைஞர் ஹில் பங்கரில் சிக்கி, பொறுமை இழந்து, பந்தை எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்து விலகியது இந்தக் குழியில்தான். 1927ல் அவரே இங்கே ஓபன் வென்றார். 1958ல் ஊர் அவருக்கு நகர்மக்களில் ஒருவர் என்ற உரிமையை அளித்துக் கௌரவித்தது. பத்தாவது குழி இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. வெறுத்து ஓடிய இடத்தையே பிறகு உயிராக நேசித்த மனிதர் அவர். அவரும், 1924ல் இந்த மைதானத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் தீட்டிய அலிஸ்டர் மெக்கன்சியும் சேர்ந்து அமெரிக்காவில் அமைத்ததுதான் அகஸ்டா நேஷனல்.

ஈரிணைக் கிரீன்களும் 18 என்ற கணக்கும்

இந்த மைதானம் மேய்ப்பனின் கோல்போல, நீண்டு போய் நுனியில் வளையும். போகும் தடமும் வரும் தடமும் பக்கத்தில் பக்கத்தில். எனவே ஏழு பெரிய கிரீன்களில் இரண்டிரண்டு குழிகள் உண்டு. எந்த இரண்டு என்பதை நினைவில் வைக்க ஓர் எளிய வழி: இரண்டையும் கூட்டினால் 18 வரும். இரண்டும் பதினாறும், ஐந்தும் பதின்மூன்றும், எட்டும் பத்தும். ஒன்று, ஒன்பது, பதினேழு, பதினெட்டு ஆகிய நான்குக்கு மட்டும் தனி கிரீன். போகும் ஒன்பதுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் பாதையில் சிவப்புக் கொடி. முதல்முறை போகிறவர்கள் தவறான கொடியைக் குறிவைப்பது வழக்கமாக நடக்கும் பிழை. ஒவ்வொரு டீயிலும் நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரியான கிரீனில் விழுந்தும் கொடிக்கு எண்பது தப்படி தள்ளி நிற்க நேரும் என்பதால், நீளமாக உருட்டும் பயிற்சி மிக அவசியம்.

உருட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

அந்தப் பயிற்சிக்கு ஊரிலேயே ஓர் அருமையான இடம் இருக்கிறது. முதல் கிரீனுக்கு அருகில், இமயமலை என்று செல்லப்பெயர் பெற்ற மேடுபள்ளப் புல்வெளி. 1867ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பெண்கள் பட்டிங் கிளப்புடையது. மைதானத்தில் பெண்களுக்கு இடமில்லாதிருந்த காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட களம். பருவகாலத்தில் பொதுமக்களும் சிறு கட்டணம் கட்டி ஆடலாம். மட்டையும் பந்தும் அங்கேயே தருவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், கோல்ஃபே ஆடாதவர்களுக்கும் இதைவிட நல்ல மாலைப்பொழுது அந்த ஊரில் இல்லை. ஒரு மேட்டின் தோளில் பந்தை ஏற்றி, அது தயங்கி, வளைந்து, இறங்கி ஓடுவதைப் பத்து முறை பார்த்துவிட்டால், நாளை பெரிய கிரீனில் கை நடுங்காது.

அடுத்ததாக, கிரீனுக்கு வெளியிலிருந்தே, பந்தை உருட்டுவதற்கான பட்டர் மட்டையால் உருட்டிப் பழகுங்கள். முப்பது மீட்டர் தள்ளி நின்றும் உருட்டலாம். தரை கெட்டியாகவும் புல் ஒட்ட வெட்டியதாகவும் இருப்பதால், வெட்ஜ் மட்டையால் தூக்கி அடிக்கப் போனால் மட்டையின் அடிப்பாகம் தரையில் மோதி எகிறி, பந்தின் நடுவில் பட்டு, அது கிரீனைத் தாண்டிப் பறந்துவிடும். இன்னும் சற்றுத் தூரமென்றால் ஏழு அல்லது எட்டு எண் அயர்ன் மட்டையை எடுத்து, பட்டர்போலவே குட்டையாக ஆட்டி, பந்தைத் தாழ்வாகப் போட்டு ஓடவிடுங்கள். பந்து எங்கே விழ வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். மீதி வேலையைச் சரிவு செய்யும்.

மட்டை பிடித்தே சில மாதங்கள்தான் ஆகின்றன என்றால், நேராகப் பழைய மைதானத்துக்குப் போகாதீர்கள். அதே அறக்கட்டளையின் பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் தொடக்க நிலையினருக்காகவே இருக்கிறது. ஓரளவு ஆடுகிறவர்களுக்கு 1895ல் திறந்த நியூ மைதானம் பக்கத்திலேயே உள்ளது. பெயர்தான் புதியது, நிலமும் காற்றும் அதேதான், இடம் கிடைப்பதோ எளிது.

இடம் பிடிப்பது

முன்கூட்டியே பதிவுசெய்யும் வாய்ப்புகள் உண்டு, ஆனால் அவை விரைவில் தீர்ந்துவிடும். பலருக்கும் கிடைக்கும் வழி குலுக்கல். ஆடப்போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, குறைந்தது இருவராகப் பெயர் கொடுக்க வேண்டும். அன்று மாலையே முடிவு தெரியும். வராவிட்டால் மறுநாளும் கொடுங்கள். எனக்கு முதல் மூன்று நாள் வரவில்லை. அதனால் ஊரில் நான்கைந்து நாள் தங்குமாறு திட்டமிடுவது நல்லது. உங்கள் ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பார்கள். உங்கள் கிளப்பிலிருந்து வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டிருப்பவை, கிளம்புமுன் அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

எடின்பரோவிலிருந்து ரயிலில் லூகர்ஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் சில நிமிடங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த ரயில் 1969ல் நின்றுவிட்டது. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். எந்த மாதமானாலும் மழைச்சட்டையும் காற்றுத் தடுக்கும் மேலாடையும் வேண்டும். நல்ல வெயிலில் கிளம்பினாலும் அரைமணியில் கடலிலிருந்து ஹார் என்ற மூடுபனி வந்து கொடியை மறைத்துவிடலாம். வண்டியில் ஏறிச் சுற்றும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். இது நடந்து ஆடும் மைதானம்.

கேடி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. மற்ற மைதானங்களில் கேடி சுமை தூக்குபவர். இங்கே அவர் கண் கொடுப்பவர். பல டீகளில் எதை நோக்கி அடிப்பது என்பதே தெரியாது. தூரத்துத் தேவாலயக் கோபுரத்தையோ கோர்ஸ் என்ற முட்புதர் ஒன்றையோ காட்டி அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆடும் நாள்

டீக்கு வந்ததும் முதல் வேலை காற்றைப் பார்ப்பது. கொஞ்சம் புல்லைக் கிள்ளி எறியுங்கள். தொலைவில் உள்ள கொடி பறக்கும் திசையையும் பாருங்கள். எதிர்காற்றில் பலங்கொண்டு அடித்தால் பந்து மேலே எழும்பி, நின்று, பின்னால் விழும். வழக்கமாக எடுப்பதைவிட இரண்டு படி பெரிய மட்டையை எடுத்து, பாதி வீச்சில் தாழ்வாக அடியுங்கள். தடம் போய்த் திரும்புவதால், போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளும். ஆனால் நீர் ஏறி இறங்கும் வேளையில் காற்று திசைமாறி, இரண்டு பாதியிலும் எதிரே நிற்பதும் உண்டு.

இனி முக்கியமான விஷயம்: இடமும் வலமும். இன்றைய திசையில் ஆடும்போது இடப்பக்கம் எப்போதும் எதிர்த்தடத்தின் புல்வெளி. வலப்பக்கம் கோர்ஸ் புதர், வேலி, எல்லைச்சுவர். எனவே இடப்பக்கம் அடித்தால் பந்து பெரும்பாலும் தொலையாது. ஆனால் அங்கிருந்து கிரீனைப் பார்த்தால், நடுவே பங்கரோ மேடோ குறுக்கிடும். வலப்பக்கத்து ஆபத்தை உரசிப் போனவருக்கே கிரீன் திறக்கும். இந்த மைதானத்தின் அமைப்பை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: இப்போது தப்பித்தால் அடுத்த அடியில் விலை கொடுக்க வேண்டும். முதல்முறை ஆடுகிறவர் எட்டு முறை இடமும், மனம் துணிந்த இரண்டு முறை வலமும் போகலாம். அந்த இரண்டு முறை எவை என்பதை ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பேட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

எதிர்த்தடத்துக்கு உங்கள் பந்து போனால் வாய்விட்டு “ஃபோர்” என்று கத்துங்கள். அங்கே ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். ஏழும் பதினொன்றும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் இன்னும் கவனமாக இருங்கள். முதல் தடத்தையும் பதினெட்டாம் தடத்தையும் குறுக்கே வெட்டும் கிரானி கிளார்க்ஸ் விண்டு என்ற பாதையில் பொதுமக்கள் நடப்பார்கள்; அவர்கள் கடக்கும்வரை காத்திருங்கள்.

பங்கரில் விழுந்தால் கௌரவம் பார்க்காதீர்கள். மைதானத்தில் 112 பங்கர்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலானவற்றிலிருந்து கொடியை நோக்கி அடிக்க முடியாது. எந்தப் பக்கம் சுவர் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம், அது பின்பக்கமானாலும் சரி, ஓர் அடியில் வெளியே வாருங்கள். 2000ல் டைகர் வுட்ஸ் அடுத்தவரைவிட எட்டு அடிகள் குறைவாக எடுத்து ஓபன் வென்றபோது, நான்கு நாள் 72 குழிகளில் ஒரு பங்கரில்கூட விழவில்லை. அவ்வளவு தூரம் அடிக்கக்கூடியவரே பங்கரை விலக்கி ஆடுவதைத்தான் முதல் திட்டமாக வைத்திருந்தார்.

முதல் குழியில் நூறு மீட்டருக்கும் மேல் அகலமான புல்வெளி. பதற்றம் மட்டும்தான் எதிரி. கிரீனுக்கு முன் ஓடையிருக்கிறது, இரண்டாவது அடிக்கு ஒரு படி பெரிய மட்டையை எடுங்கள். இரண்டு முதல் ஆறு வரை கேடி சொன்னபடி போங்கள். ஏழு முதல் பன்னிரண்டு வரையிலான வளைவில் குழிகள் குட்டையானவை, எண்ணிக்கையைச் சேமிக்க வேண்டிய இடம் அதுதான். பதினான்கில் வலப்பக்கச் சுவர் அச்சுறுத்தினால், வெட்கப்படாமல் இடப்பக்கம் ஐந்தாவது தடத்துக்கே அடித்து நரகத்தைச் சுற்றி வாருங்கள். நல்ல ஆட்டக்காரர்களும் அப்படிப் போவதுண்டு.

பதினேழில் டீயிலிருந்து, ஓட்டல் வளாகத்தில் உள்ள பச்சைக் கொட்டகையின் மேலாகப் பந்தை அடிக்க வேண்டும். ரயில் காலத்துக் கொட்டகைகளின் நினைவாக எழுப்பியது அது. வலப்பக்கம் எல்லைக்கு வெளியே. கொட்டகைச் சுவரில் உள்ள எழுத்துகளில் எதற்கு மேலே அடிப்பது என்று கேடி சொல்வார். ஒன்றிரண்டு எழுத்து இடப்பக்கமாகவே அடியுங்கள். இரண்டாவது அடியில் கிரீனுக்கு முன்னால் வலப்பக்கத்தில் பந்தை நிறுத்துங்கள். அங்கிருந்து கிரீனின் நீளவாக்கில் உருட்டலாம். பங்கர் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், சாலையும் எட்டாது. ஐந்து அடியில் முடித்தால் பெருமைப்படுங்கள்.

பதினெட்டில் சுவில்கன் பாலத்தைக் கடந்து வரும்போது, வேலியோரம் நின்று யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்போதும் யாராவது நிற்பார்கள். பந்து பாவப் பள்ளத்தாக்குக்குள் கிடந்தால் வெட்ஜை எடுக்காதீர்கள். பள்ளத்திலிருந்து மேலே ஏறி கொடி வரை நடந்து, சரிவைக் காலடியில் உணர்ந்து, திரும்பி வந்து, பட்டரால் அடியுங்கள். நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு பலம் வேண்டும்.